ஒலவக்கோட்டில் வண்டி பார்த்தவர்கள் யார் யார்?

கல்பாத்திவாசி:

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒலவக்கோடு ஜங்ஷனுக்கு, அதாவது இன்றைய பாலக்காடு ஜங்ஷனுக்கு, வண்டி பார்ப்பதற்காகவே போனவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அத்தையை ஏற்றிவிடப் போனது, மாமாவை அழைத்துவரப் போனது எல்லாம் கணக்கில் வராது. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், வண்டியை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்களைக் கேட்கிறேன்.

நானும் சித்தப்பா பிள்ளைகளும் கல்பாத்தியிலிருந்து சைக்கிளில் போவோம். ஆளுக்கு ஒரு நோட்டு. இன்ஜின் எண், அதைப் பராமரிக்கும் ஷெட், பெட்டிகளின் எண்ணிக்கை, தாமதம் எல்லாம் அதில் ஏறும். ஷெட்டின் பெயர் இன்ஜினின் உடம்பிலேயே எழுதியிருக்கும். ஆந்திரப் பக்கத்து ஷெட் பெயரோடு ஓர் இன்ஜின் வந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு.

இன்றைய பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கொங்கண் பாதை 1998-இல்தான் முழுமையாகத் திறந்தது. அதற்கு முன் அகலப் பாதையில் (பிராட் கேஜில்) மலையாள நாட்டுக்குள் நுழைந்த வண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 1862-இல் இந்தக் கணவாய்க்குள் தண்டவாளம் போட்டு மதராஸையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த நாள் முதல் அதுதான் வாசல். திருவனந்தபுரம் மெயில், வெஸ்ட் கோஸ்ட், மங்களூர் மெயில், ஐலண்டு, பம்பாய் போகும் ஜெயந்தி ஜனதா, 1984-லிருந்து ஜம்மு வரை போன ஹிம்சாகர் எல்லாம் எங்கள் முன்னால் வந்து நின்றுதான் போயின.

நின்றன என்பதுதான் எனக்கு முக்கியம். ஓடும் வண்டியைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு லெவல் கிராசிங்கில் நின்றால் போதும். ஸ்டேஷனில் வண்டி நின்றவுடன் வேலை ஆரம்பிக்கும். டிரைவரும் உதவியாளரும் இறங்குவார்கள், அடுத்த ஜோடி ஏறும். ஒருவர் நீண்ட காம்புள்ள சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். விரிசல் இல்லாத சக்கரம் மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அச்சுப்பெட்டியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். பெட்டிகளின் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏறும். இத்தனையும் நம் கண் முன்னால், இரண்டடி தூரத்தில் நடக்கும். யாரும் விரட்டமாட்டார்கள். அந்த வேலையைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம் என்று இப்போது நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன பார்த்தீர்கள்?

காலனிமகள்:

அண்ணா, வணக்கம். வண்டி பார்த்த பெண்களும் இருக்கிறோம். நோட்டோடு பிளாட்பாரத்தில் நின்றால் அந்தக் காலத்தில் எங்களை என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு வாசல் திறந்துவிட்டது அப்பாவின் டிபன் கேரியர். அவர் ஒலவக்கோட்டில் கார்டு. நாங்கள் ரயில்வே காலனியில் இருந்தோம்.

இரவில் எந்த நேரத்திலும் 'கால்பாய்' வருவார். டிரைவர், கார்டு வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டி, இன்ன வண்டிக்கு இத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது அவருடைய வேலை. பெயர்தான் பாய், அவருக்கு என் தாத்தா வயது இருக்கும். அவர் சைக்கிள் மணி கேட்டதும் அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். அப்பாவின் இரும்புப் பெட்டியைப் போர்ட்டர் தூக்கிக்கொண்டு போவார். லைன் பாக்ஸ் என்பார்கள். சிவப்பும் பச்சையுமாகக் கொடிகள், மூன்று நிறம் காட்டும் கைவிளக்கு, தண்டவாளத்தில் வைத்து வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டர்கள், விதிப்புத்தகம் எல்லாம் அதற்குள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வரும் வண்டியைத் தடுக்க, கார்டு இறங்கி நடந்துபோய் அந்த டெட்டனேட்டரை வைத்துவிட்டு வரவேண்டும். மழையானாலும் காடானாலும் அவர் தனியாகத்தான் போகவேண்டும். அந்தப் பெட்டியைத் தொட எங்களுக்கு அனுமதியே கிடையாது.

நான் பார்த்ததைவிடக் கேட்டது அதிகம். சமையலறையில் உட்கார்ந்தபடியே வருவது பயணிகள் வண்டியா சரக்கா, சரக்கு என்றால் காலி வேகனா நிறைந்த வேகனா என்று சொல்லிவிடுவேன். காலி வேகன் கடகடவென்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போகும். ஆந்திராவிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு வரும் வேகன்கள் தரை அதிர மெதுவாக வரும், தண்டவாள இணைப்புகளில் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். எங்களை வெளியே நிற்க விட்டிருந்தால் இந்தக் காது எனக்கு வாய்த்திருக்காது. அதற்காக அந்தத் தடை சரி என்று சொல்லமாட்டேன்.

பகவதிபுரத்தான்:

ஒலவக்கோட்டுக்காரர்களுக்குச் செங்கோட்டைக்காரனின் வணக்கம். உங்கள் கணவாயில் மலையே வழிவிட்டு நிற்கிறது. எங்கள் பக்கம் மலையைக் குடைந்துதான் போகவேண்டும்.

1904-இல் திறந்த கொல்லம் – செங்கோட்டைப் பாதைதான் திருவிதாங்கூரின் முதல் ரயில் பாதை. தென்னிந்திய ரயில்வேயும் திருவிதாங்கூர் அரசும் மதராஸ் அரசாங்கமும் சேர்ந்து பணம் போட்டுக் கட்டியது. செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-இல் தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆகவே எல்லை என்பது எங்களுக்கு ஸ்டேஷன் கட்டிய பிறகு வந்தது.

கல்பாத்தி ஐயா, நின்ற வண்டியைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்குச் செங்கோட்டையை மிஞ்ச ஆளில்லை. தண்டவாள இடைவெளி ஒரு மீட்டராக இருந்த மீட்டர் கேஜ் காலத்தில் கொல்லம் பக்கம் போகும் வண்டி இங்கே வந்ததும் இரண்டாவது இன்ஜின் ஒன்று பின்னால் போய்ச் சேரும். மலை ஏற முன்னால் ஒருவர் இழுக்க வேண்டும், பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். பிரேக் சரிபார்ப்பு முடியும்வரை வண்டி அசையாது. பிறகு முன் இன்ஜின் விசில் கொடுக்கும், பின் இன்ஜின் பதில் கொடுக்கும், இரண்டும் சேர்ந்து முக்கும். பகவதிபுரம் தாண்டினால் குகை, குகைக்கு அப்பால் ஆரியங்காவு, கேரளம். பிறகு கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து நிற்கிற அந்தப் பாலத்தைச் சாலையிலிருந்து பார்த்தவர்கள் வண்டி போகும்வரை காத்திருக்காமல் போனதில்லை.

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தண்டவாளம் நனைந்து சக்கரம் வழுக்கும். இன்ஜினில் மணல்பெட்டி உண்டு. குழாய் வழியே சக்கரத்துக்கு முன்னால் மணல் விழும், பிடி கிடைக்கும். வழுக்கும்போது கரி இன்ஜினின் மூச்சு திடீரென்று தாறுமாறாக வேகம் எடுக்கும், மணல் விழுந்ததும் மறுபடி நிதானத்துக்கு வரும். இதை வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்போம். அக்கா சொன்ன காது எங்களுக்கும் உண்டு.

சித்தூர்த்தமிழன்:

ஆந்திரச் சித்தூரில் பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. எங்கள் ஊர் காட்பாடி – பாகாலா மீட்டர் கேஜ் பாதையில் இருந்தது. எங்களுக்குப் 'பெரிய வண்டி' பார்க்க வேண்டுமென்றால் காட்பாடிக்குப் போகவேண்டும்.

சின்ன வண்டியில் இறங்கி, பெரிய வண்டிகளின் பக்கம் போனதும் எல்லாமே அளவு மாறிவிடும். ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதையில் பழகிய கண்ணுக்கு 1,676 மில்லிமீட்டர் பாதை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் 1964-லிருந்து மதராஸுக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடுகிறது. அது காட்பாடிக்குள் நுழையும்போது எங்கள் அப்பாவே பேச்சை நிறுத்திவிடுவார்.

ஆனால் காட்பாடியில் நான் அதிகம் பார்த்தது மனிதர்களை. மீட்டர் கேஜ் வண்டியிலிருந்து திருப்பதியில் மொட்டை போட்ட தலைகள் வரிசையாக இறங்கும். அகலப் பாதை வண்டியிலிருந்து வேலூர் மருத்துவமனைக்கு வந்த வங்காளிக் குடும்பங்கள், படுக்கையும் பாத்திரமுமாக இறங்குவார்கள். நேர்த்தி முடித்துத் திரும்புகிறவர்களும் நோயோடு வருகிறவர்களும் ஒரே மேம்பாலத்தில் எதிரும் புதிருமாக ஏறி இறங்குவார்கள். சரக்கும் அப்படித்தான். இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் வேகன் அப்படியே போகமுடியாது. ஒரு வேகனிலிருந்து மூட்டையை முதுகில் சுமந்து இன்னொரு வேகனில் அடுக்கவேண்டும். அதற்கென்றே நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஜங்ஷன்களில் இருந்தார்கள். பாதை ஒன்றானதும் அந்த வேலை இல்லாமல் போயிற்று. அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை.

வாளையாறு:

பெரியவர்கள் எழுதுவதை ஆசையாகப் படிக்கிறேன். நான் தினமும் வாளையாற்றிலிருந்து கோயம்புத்தூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவன், வயது முப்பதுக்குள். ஒன்று கேட்கலாமா? தவறாக நினைக்காதீர்கள்.

நீங்கள் ரசித்த அந்த நிற்கும் நேரம், பெட்டிக்குள் இருந்தவருக்கு என்னவாக இருந்தது? வெயிலில், மின்விசிறி சுற்றாத பொதுப்பெட்டியில், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சக்கரம் தட்டும் சத்தம் இனிமையாக இருந்திருக்குமா? இன்ஜினையும் பெட்டியையும் கோக்க இரண்டு பஃபர்களுக்கு நடுவே குனிந்து நுழைந்தாரே ஒரு தொழிலாளி, அவருக்கு? வண்டி நிற்காமல் போவது நல்லது என்றுதான் நான் வளர்ந்தேன்.

எங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு. காட்டுக்குள் பாதை போகிறது. 2021 நவம்பரில் நவக்கரைக்கு அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. 2024-இல் மதுக்கரையில் தமிழ்நாடு வனத்துறை கேமராக்களோடு கண்காணிப்பு மையம் வைத்த பிறகுதான் யானை வருவது முன்கூட்டியே தெரிகிறது. பழைய காலத்தில் இதெல்லாம் யார் கவனித்தார்கள்?

கல்பாத்திவாசி:

தம்பி, தவறே இல்லை, கேட்கவேண்டிய கேள்வி. பயணிக்கு அது துன்பம்தான். 1976-க்கு முன் எர்ணாகுளத்துக்குத் தெற்கே மீட்டர் கேஜ். திருவனந்தபுரம் போகிறவர்கள் எர்ணாகுளத்தில் வண்டி மாறவேண்டும். என் அம்மா அந்த மாற்றத்தை நினைத்தே பயணத்துக்கு முதல் நாள் தூங்கமாட்டார். பாதை அகலமானதை எங்கள் வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினோம்.

தாமதம் வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. வேலை கண்ணுக்குத் தெரிந்ததே, அதற்காக ஏங்குகிறேன். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின், பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். கிளம்பும்போது கரும்புகை கக்கும். ஏன் என்று பத்து வயதில் நான் ஒரு டிரைவரைக் கேட்டேன். அவர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு பொறுமையாகச் சொன்னார்: "எண்ணெய் உடனே உள்ளே போய்விடுகிறது. காற்றைத் தள்ளுகிற டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. அதுவரை எண்ணெய்க்குக் காற்று போதாது, எரியாமல் புகையாகிறது." இவ்வளவுதான். நான் பிற்பாடு இயந்திரப் பொறியியல் படித்ததற்கு அந்த ஜன்னல்தான் காரணம். இன்று எந்தக் குழந்தை, எந்த டிரைவரிடம், எந்த இரண்டு நிமிடத்தில் இதைக் கேட்கும்?

காலனிமகள்:

வாளையாறு தம்பி பக்கம்தான் நான். சரக்கு வண்டியை ஒதுக்குப் பாதையான லூப் லைனில் தள்ளிவிட்டு மணிக்கணக்கில் மறந்துவிடுவார்கள். அப்பா கார்டுக்கான கடைசிப் பெட்டியில், பிரேக் வேனில், விளக்கில்லாமல், உப்புமா ஊசிப்போய், மறுநாள் வந்து சேர்வார். அந்த நாட்களை அம்மாவிடம் இனிமை என்று சொல்லிப் பாருங்கள்.

யானையைப் பற்றி அப்பா சொல்வார்: கவனிக்க ஏற்பாடு எதுவும் கிடையாது, டிரைவரின் கண்தான் ஏற்பாடு.

இன்னொன்றையும் இங்கே எழுதவேண்டும். 1988 ஜூலை 8. பெங்களூரிலிருந்து வந்த 26-ஆம் எண் ஐலண்டு எக்ஸ்பிரஸ் பெருமண் பாலத்தில் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். அந்த வண்டி காலையில் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டிப் போனது. செய்தி மதியத்துக்குப் பிறகு காலனிக்கு வந்தது. எந்த வீட்டிலும் மாலை விளக்குக்கு மேல் எதுவும் ஏற்றவில்லை, சமைக்கவில்லை. காலையில் டீயும் வடையும் விற்ற கேட்டரிங் பையன் மூன்றாவது பெட்டி ஜன்னலில் ஒரு சிறுமிக்குச் சில்லறை கொடுக்கவேண்டியிருந்தது, வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதான். வண்டி பார்க்கிறவர்களின் நோட்டுகளில் அன்றைய பக்கமும் இருக்கும். நல்ல பக்கங்களை மட்டும் நாம் பேசக்கூடாது.

பகவதிபுரத்தான்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

எங்கள் பாதையைப் பற்றி ஒன்று. 2010 செப்டம்பரில் கடைசி மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. அதன்பின் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே முழுப் பாதையிலும் வண்டி ஓட 2018 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் காய்கறிக் கூடைக்காரர்களை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்துக் கீரையும் வாழையிலையும் எலுமிச்சையும் விடிகாலை வண்டியில் புனலூர், கொல்லம் சந்தைக்குப் போகும். பயணிகளைவிடக் கூடைகள் அதிகம். வண்டி நின்றதும் அவர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள், கூடைக்கும் டிக்கெட் கேட்டார்கள், பலர் தொழிலையே விட்டார்கள். பாதை திரும்ப வந்தபோது அந்தக் கூடைகள் திரும்ப வரவில்லை. ரயில் பிரியர்கள் எல்லோரும் இன்ஜினைப் படம் பிடித்தார்கள். கூடைக்காரம்மாக்களை ஒருவரும் பிடிக்கவில்லை. சித்தூர் நண்பர் சொன்ன சுமை தூக்குவோருக்கு நேர்ந்ததும் இதுதான்.

இப்போதும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அகலப் பாதையிலும் மலைப்பகுதியில் முன்னொரு இன்ஜின், பின்னொரு இன்ஜின் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். பாலக்காட்டிலிருந்து கிளம்பும் பாலருவி எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் வருகிறது. வாளையாறு தம்பி, ஒருமுறை ஏறி வாருங்கள்.

சித்தூர்த்தமிழன்:

டோக்கன் பற்றி யாரும் எழுதவில்லையே. ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் கருவியிலிருந்து டோக்கனான ஓர் உருண்டையை எடுத்துப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டிக் கொடுப்பார். இரண்டு ஸ்டேஷன்களின் கருவிகளும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு உருண்டை வெளியே இருக்கும்போது இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராது. அதனால் அந்த வளையம் கையில் உள்ள வண்டிக்கு மட்டுமே பாதை சொந்தம். நிற்காத வண்டியாக இருந்தால் டிரைவர் கையை நீட்டி வளையத்தை முழங்கையில் வாங்கிக்கொள்வார், பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார். அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவர எங்களுக்குள் போட்டி. பாகாலாவில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் எங்களிடம் அதை வாங்கி, தெலுங்கில் திட்டிவிட்டுத் தமிழில் நன்றி சொல்வார்.

வாளையாறு:

பாலருவியில் கட்டாயம் வருகிறேன் அண்ணா.

காலனிமகள் அக்கா, உங்கள் அப்பா இருக்கிறாரா? இருந்தால் ஒன்று கேட்டுச் சொல்வீர்களா? என் தாத்தா மதுக்கரை சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். கரி இன்ஜின் கிளம்புவதற்கு முன் 'உஸ்' என்று நீளமாகச் சத்தம் வரும், பிறகு நிற்கும், மறுபடி 'உஸ்' என்று வரும், அதற்குப் பிறகுதான் கார்டு பச்சைக்கொடி காட்டுவார் என்பார். ஏன் இரண்டு முறை என்று அவருக்கும் தெரியவில்லை.

காலனிமகள்:

இருக்கிறார் தம்பி. கேள்வியைப் படித்துக் காட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"அது வாக்குவம் பிரேக். வண்டி முழுக்க ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிரேக் விடும், காற்று உள்ளே புகுந்தால் பிடித்துக்கொள்ளும். அதனால் எங்காவது குழாய் அறுந்தால் வண்டி தானாக நிற்கும். கரி இன்ஜினில் நீராவியைப் பாய்ச்சிக் காற்றை இழுப்பார்கள். முதல் சத்தம் அதுதான். கடைசிப் பெட்டியில் என் முன்னால் வாக்குவத்தின் அளவைக் காட்டும் ஒரு முள் இருக்கும். அது ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி ஏறிவரக் காத்திருப்பேன். வண்டி நீளமானால் நேரம் அதிகம் ஆகும். ஏறியதும் என் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விடுவேன். இன்ஜினில் டிரைவரின் முள் இறங்க வேண்டும். இறங்கினால் குழாய் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக இருக்கிறது, நடுவில் எங்கும் அடைபடவில்லை என்று அவருக்குத் தெரியும். பிறகு அவர் மறுபடி இழுப்பார். இரண்டாவது சத்தம் அது. என் முள் பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் கொடி. பிள்ளையிடம் சொல், அவன் தாத்தா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். டீசல் வந்தபோது நீராவிக்குப் பதில் பம்பு வந்தது, அந்தச் சத்தம் போயிற்று, சோதனை போகவில்லை."

வேறு கேள்வி இருந்தால் எழுதச் சொல்கிறார். காலையில் பத்து மணிக்கு மேல் கேட்டால் நன்றாகப் பேசுவார்.

கல்பாத்திவாசி:

அம்மா, அவருக்கு என் நமஸ்காரம். என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஷொரணூரில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்போது கார்டு உட்காரும் பெட்டியையும் மாற்றுவார்களா? இரவில் சரக்கு வண்டி இரண்டாகப் பிரிந்துபோனால் முதலில் அவருக்கு எப்படித் தெரியும்? ஒலவக்கோட்டில் அவரோடு வேலை பார்த்த அந்தக் கால்பாய் பெரியவர் எந்த ஊர்? நாளை பத்து மணிக்கு மேல் கேட்டு எழுதுங்கள்.